பூனையும் கூடவே வரும்

தேஜஸ்ரீ: பாத்துங்க, பாத்து! வாலை மிதிச்சிரப் போறீங்க.

நித்தீஷ்: அய்யோ... இது வாலுங்களா? ஏதோ கம்பளித் துண்டு கெடக்குதுன்னு நெனச்சேன்.

தேஜஸ்ரீ: கம்பளி இல்லீங்க, பூனை.

நித்தீஷ்: மீதிப் பூனை எங்கீங்க?

தேஜஸ்ரீ: உங்க சேருக்கு அடியில. நெழலப் பாத்துப் போய்ப் படுத்திருக்குது. உக்காருங்க, ஒண்ணும் பண்ணாது.

நித்தீஷ்: நீங்க உக்காரலீங்களா?

தேஜஸ்ரீ: நான் இப்படிச் சுவத்துல சாஞ்சுக்கறேன். மெதுவாப் பேசுங்க, கீழ எங்க ஊட்டாளுங்க, உங்க ஊட்டாளுங்க எல்லாம் காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பாங்க.

நித்தீஷ்: செரிங்க...

தேஜஸ்ரீ: ம்...

நித்தீஷ்: மாடியில நல்ல வெயிலுங்க, இல்லீங்களா?

தேஜஸ்ரீ: மேல வந்ததும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.

நித்தீஷ்: எல்லாருமுன்னா?

தேஜஸ்ரீ: இதுக்கு முன்னால என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்க.

நித்தீஷ்: ஓ... அவங்களுக்கெல்லாம் என்னாச்சுன்னு... இல்ல, வேண்டாம், உடுங்க.

தேஜஸ்ரீ: கேளுங்க, பரவால்ல. ஒருத்தரும் திரும்பி வரலீங்க. எல்லாம் உங்க காலுக்குக் கீழ படுத்திருக்குதே, இந்த மகாராணியாலதான்.

நித்தீஷ்: பூனையாலயா?

தேஜஸ்ரீ: ஆமாங்க. நேராவே சொல்லிப்புடறேன். என்னையக் கட்டிக்கிட்டா இவளும் கூடவே வருவா.

நித்தீஷ்: இவளா...

தேஜஸ்ரீ: பொண்ணுங்க. பேரு இளவரசி.

நித்தீஷ்: பொண்ணு... இளவரசி... செரிங்க, செரிங்க.

தேஜஸ்ரீ: எதுக்குங்க சிரிக்கறீங்க?

நித்தீஷ்: சிரிக்கலீங்க, இருமல். பக்கத்துல ஏதோ நிட்டிங் கம்பெனி ஓடுது போல, பஞ்சு பறக்குது...

தேஜஸ்ரீ: அருள்புரத்துல பஞ்சு பறக்காத மாடி எங்கீங்க இருக்குது? ஏன், உங்க சோமனூர்ல பறக்காதா?

நித்தீஷ்: பறக்குமுங்க. தறிச் சத்தத்துல யாரும் கண்டுக்கறதில்ல.

தேஜஸ்ரீ: உங்களுக்கும் தறிதானுங்களா?

நித்தீஷ்: அப்பா காலத்துல தறி. நானு எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கறேன். குழந்தைக பனியன்ல யானை, குருவி, வாத்து... இந்த மாதிரி.

தேஜஸ்ரீ: பூனை?

நித்தீஷ்: பூனையும் உண்டுங்க. ஆனா இந்த மூஞ்சி மட்டும் வராது. நூலு நெறைய தின்னுரும்.

தேஜஸ்ரீ: இந்த மூஞ்சிக்கு என்னங்க கொறை? போன தடவை வந்தவரு, "பொறக்கறப்பவே கதவுல மோதிக்கிச்சா"ன்னு கேட்டாரு.

நித்தீஷ்: அடப் பாவமே! பெர்சியன் பூனைன்னா மொகமே அப்படித்தானுங்க. தலை நல்ல உருண்டை. கன்னம் ரெண்டும் புடைச்சிருக்கும். மூக்கு கண்ணுக்கு நடுவுல போய் ஒளிஞ்சுக்கும். காது சின்னதா முடிக்குள்ள அடங்கியிருக்கும். காலு குட்டை, ஒடம்பு கனம். கண்ணப் பாருங்க, புளி போட்டுத் தேச்ச செம்பு மாதிரி...

தேஜஸ்ரீ: ஏனுங்க, அது இன்னும் கண்ணைத் தொறக்கவே இல்லியே. நீங்க எப்பப் பாத்தீங்க?

நித்தீஷ்: அது... பொதுவாச் சொன்னேனுங்க. இந்த ரகத்துக்கு அப்படித்தான் இருக்கும்னு... படிச்சிருக்கறேன்.

தேஜஸ்ரீ: எம்பிராய்டரிக்காரரு பூனைப் பாடமெல்லாம் படிக்கறீங்களாக்கும்.

நித்தீஷ்: சும்மா... சாப்பாட்டு நேரத்துல போன்ல பாக்கறதுதான்.

தேஜஸ்ரீ: அப்ப இது எந்த ஊர்ப் பூனை? சொல்லுங்க பாக்கலாம்.

நித்தீஷ்: பொண்ணு பாக்க வந்தா பரீட்சை வெப்பாங்கன்னு எங்கம்மா சொல்லவே இல்லீங்களே.

தேஜஸ்ரீ: நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில குவாலிட்டி பாக்கறவ. நாள் பூராத் துணியத் திருப்பித் திருப்பி ஓட்டை, கறை, விட்ட தையல்னு தேடறதுதான் எம் பொழப்பு. ஞாயித்துக்கெழமைன்னா பழக்கம் மாறுமா?

நித்தீஷ்: அப்ப என்ற சட்டையில...

தேஜஸ்ரீ: ரெண்டாவது பொத்தான்ல நூலு நீட்டிட்டு இருக்குது. உள்ள வர்றப்பவே பாத்துட்டேன். ஊரைச் சொல்லுங்க.

நித்தீஷ்: பேருலயே இருக்குதுங்களே, பெர்சியா. இப்ப ஈரான்னு சொல்றோமே, அது. நானூறு வருசத்துக்கு முன்னால ஊர் சுத்தப் போன ஒரு இத்தாலிக்காரரு, இந்த நீளமுடிப் பூனைகளக் கண்டு மயங்கிப் போயிக் கூடவே கொண்டாந்துட்டாருன்னு சொல்லுவாங்க. அங்கிருந்து பிரான்சு, இங்கிலாந்து... பெரிய ஊட்டு அம்மாக்க மடியெல்லாம் இதுதானாம்.

தேஜஸ்ரீ: அப்ப ஈரான் பூனைன்னு முடிவு பண்ணிக்கலாமா?

நித்தீஷ்: பண்ணாதீங்க. இப்ப ரத்தத்த எடுத்துச் சோதிச்சவங்க, இதுக்குக் கிட்டத்துச் சொந்தம் ஐரோப்பாப் பூனைகதான்னு சொல்றாங்க.

தேஜஸ்ரீ: என்னங்க இது, பேரு ஒரு ஊரு, ரத்தம் ஒரு ஊரா?

நித்தீஷ்: நம்மூர் பனியன் மாதிரிதானுங்க. தெச்சது அருள்புரம், கழுத்துல லேபிள் வேற நாடு.

தேஜஸ்ரீ: ஹ... ஹா! லொள்ளுங்க உங்களுக்கு.

நித்தீஷ்: சிரிச்சுட்டீங்க. அப்ப பாஸுங்களா?

தேஜஸ்ரீ: அவசரப்படாதீங்க, இனித்தான் கண்டிசனே ஆரம்பிக்குது.

சித்ரகலா: அம்முணி! தேஜூ! தம்பிக்குத் தண்ணி கிண்ணி வேணுமான்னு கேளு!

தேஜஸ்ரீ: வேண்டாம்மா! ...எங்கம்மா. தண்ணி சாக்குல மேல வந்து எட்டிப் பாக்கலாமுன்னு கணக்கு.

நித்தீஷ்: எங்கம்மாவும் இந்நேரம் படிக்கட்டுப் பக்கம்தான் நின்னுட்டு இருப்பாங்க.

தேஜஸ்ரீ: செரி, கேட்டுக்கங்க. தெனமும் இவளுக்கு முடி சீவி உடோணும். ஒரு நாள் உட்டாலும் சிக்கு விழுந்துரும்.

நித்தீஷ்: சீவிரலாங்க.

தேஜஸ்ரீ: கண்ணுல தண்ணி வடிஞ்சுட்டே இருக்கும். ஈரத் துணியில மெதுவாத் தொடைக்கோணும்.

நித்தீஷ்: பழைய பனியன் துணிதானுங்க நல்லது. சட்டைத் துணின்னா உராயும்.

தேஜஸ்ரீ: ம்... மத்த பூனை மாதிரி மதில் ஏறாது, எலி புடிக்காது. ஒரு வேலைக்கும் ஆகாது. நாள் முச்சூடும் படுத்தே கெடக்கும்.

நித்தீஷ்: அதுதானுங்க இந்த ரகத்தோட கொணம். சத்தம் போடாது, அலட்டிக்காது. பாத்திரம் விழுந்தாக்கூட ஒரு காதைத் திருப்பிப் பாத்துட்டுத் தூங்கிரும். ஆனா ஊட்டுல சண்டை சத்தம் வந்தா மட்டும் ஆகாது. அன்னைக்குச் சோறு திங்காது.

தேஜஸ்ரீ: சண்டை வந்தாலா?

நித்தீஷ்: ஆமாங்க. இது இருக்கற ஊட்டுல புருசன் பொஞ்சாதி மெதுவாத்தான் சண்டை போட்டுக்கோணும்.

தேஜஸ்ரீ: ...அதுவும் போன்ல படிச்சதுங்களா?

நித்தீஷ்: ...அதே மாதிரிதானுங்க.

தேஜஸ்ரீ: ராத்திரி கட்டில்லதான் படுப்பா.

நித்தீஷ்: படுக்கட்டுமுங்க.

தேஜஸ்ரீ: நடுவுல.

நித்தீஷ்: நடுவுலயா?

தேஜஸ்ரீ: நட்ட நடுவுல.

நித்தீஷ்: செரிங்க... நான் ஓரத்துல படுத்துக்கறேன்.

தேஜஸ்ரீ: தள்ளித் தள்ளி உங்களக் கீழ உட்டுட்டா?

நித்தீஷ்: கீழ ஒரு மெத்தை போட்டு வெச்சுக்கறேனுங்க.

தேஜஸ்ரீ: ஏனுங்க, நான் எதச் சொன்னாலும் தலையாட்டிட்டே இருக்கறீங்க? ஒண்ணுக்காச்சும் கோவம் வரலியா?

நித்தீஷ்: வரலீங்களே. நான் என்ன பண்ணட்டும்?

தேஜஸ்ரீ: பொய் சொல்றவங்கதான் இப்படி எல்லாத்துக்கும் செரி செரின்னு சொல்லுவாங்க. கல்யாணம் முடிஞ்சதும் பூனையக் கொண்டுபோயி எங்கியாச்சும் உட்டுட்டு வந்துருவாங்க.

நித்தீஷ்: அய்யோ, நானா! என்னைய எப்படி வேணுமுன்னாலும் சொல்லுங்க, அப்படி மட்டும்... ஏ, ஏ, வந்துட்டியா... இங்க பாருங்க, மடியில ஏறிருச்சு.

தேஜஸ்ரீ: அட! அது புது ஆளுககிட்டப் போகவே போகாதே.

நித்தீஷ்: எம் மூஞ்சியும் தட்டையா இருக்குதுன்னு நெனச்சிருக்கும்.

தேஜஸ்ரீ: பேண்ட் பூராவும் முடி ஒட்டுது.

நித்தீஷ்: ஒட்டட்டுமுங்க. இந்த எடது காதுக்குப் பின்னால இப்படிச் சொறிஞ்சு உட்டாப் போதும், மூக்குல இருந்து ஒரு சத்தம் வரும். பழைய தையல் மெஷின் ஓடற மாதிரி... கேக்குதுங்களா?

தேஜஸ்ரீ: எடது காதுன்னு கூடவா போன்ல போட்டிருக்கறாங்க?

நித்தீஷ்: ...வலது காதா இருந்தாலும் சத்தம் வருமுங்க.

தேஜஸ்ரீ: சொறிஞ்சு காட்டுங்க பாக்கலாம்.

நித்தீஷ்: இப்ப... அதுக்கு மூட் இல்லீங்க.

சித்ரகலா: தேஜூ! ஏ புள்ளே! மயிலாத்தாக்கா காம்பவுண்டுகிட்ட வந்து நிக்கறாங்க! கோனுக்குச் சோறு வெக்கோணுமாம், பூனையக் கேக்கறாங்க! அடுத்தவங்க பூனைய எத்தனை நேரம்டி வெச்சிருப்பே?

தேஜஸ்ரீ: அய்யோ... அம்மா!

நித்தீஷ்: கோனுங்கறது யாருங்க?

தேஜஸ்ரீ: ...உங்க மடியில இருக்கறதுதான்.

நித்தீஷ்: இளவரசின்னீங்க? பொண்ணுன்னீங்க?

தேஜஸ்ரீ: போதுமுங்க. பூனை என்னோடது இல்ல. பக்கத்தூட்டு மயிலாத்தாக்காவோடது. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா போயி வாங்கிட்டு வந்துருவேன். எங்கம்மாவுக்குத் தெரியும், தலையில அடிச்சுக்குவாங்க.

நித்தீஷ்: மாப்பிள்ளைகளத் தொரத்தறதுக்குப் பூனைங்களா?

தேஜஸ்ரீ: தொரத்தறதுக்கு இல்லீங்க. முதல் தடவை அது தானாத்தான் வந்துச்சு. பொண்ணு பாக்க வந்தவரு கூடத்துல சோபாவுல உக்காந்திருந்தாரு. நல்லாப் படிச்சவரு, நல்லாத்தான் பேசினாரு. கதவு தொறந்திருந்துச்சு, இது மெதுவா உள்ள வந்து அவரு காலுகிட்டப் படுத்துச்சு. பேச்ச நிறுத்தாம, சிரிச்சுட்டே, ஷூ காலால ஒரு தள்ளுத் தள்ளினாருங்க. இது உருண்டு போயி டீவி ஸ்டாண்டுல மோதிச்சு. ஒரு சத்தம் போடல. எந்திரிச்சு, அவரையே ஒரு பார்வை பாத்துட்டு வெளிய போயிருச்சு. அங்க இருந்த பெரியவங்க ஒருத்தரு கண்ணுக்கும் அது படல. ஜாதகம் பொருந்துது, ஊரு பொருந்துது, எல்லாம் பொருந்துதுன்னு பேசிட்டு இருக்கறாங்க. எனக்கு மட்டும் காலெல்லாம் கூசிருச்சு. நமக்கு ஒரு உபகாரமும் பண்ணாத, வாயில்லாத ஒண்ண, யாரும் பாக்கலைன்னா எப்படி நடத்துவாங்க... அதப் பாத்துட்டா வேற ஒண்ணும் கேக்க வேண்டியதில்லைன்னு தோணிருச்சு. வேண்டாமுன்னு சொல்லிட்டேன். காரணம் கேட்டாங்க. "பூனை"ன்னேன். எங்கப்பா ஒரு வாரம் எங்கூடப் பேசல.

நித்தீஷ்: தெரியுமுங்க.

தேஜஸ்ரீ: என்ன தெரியுமுங்க?

நித்தீஷ்: பூனையத் தள்ளி உட்டாருன்னு பொண்ணு வேண்டாமுன்னு சொன்ன கதை. மயிலாத்தாக்கா சொன்னாங்க.

தேஜஸ்ரீ: மயிலாத்தாக்காவ உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

நித்தீஷ்: நானும் இத்தனை நேரம் உண்மையச் சொல்லலீங்க... இது பொண்ணு இல்ல, கடுவன். பேரு கோனு. பேரு வெச்சவன் நானுதான்.

தேஜஸ்ரீ: அப்படீங்களா.

நித்தீஷ்: உள்ளங்கை அளவுக் குட்டியா வந்தப்ப, மெஷின் பக்கத்துல நூல் சுத்தின கோன் வர்ற அட்டைப் பெட்டியில போய்ச் சுருண்டு படுத்துக்கும். வெள்ளைக் கோன் எது, பூனை எதுன்னு தெரியாது. ஒருக்கா நெசமாலுமே தூக்கி ஸ்டேண்டுல மாட்டப் போயிட்டேன்.

தேஜஸ்ரீ: ஹ... ஹா... அப்பறம்?

நித்தீஷ்: எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்ப ஊட்டுக்குள்ளயேதான் மெஷின் ஓடுச்சு. வளர வளர இதுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சுங்க. முந்தியெல்லாம் இந்த ரகத்துக்கு மூக்கு நீளமாத்தான் இருந்துச்சாம். தட்டையா இருந்தாத்தான் அழகுன்னு மனுசங்க பொறுக்கிப் பொறுக்கி வளத்ததுல உள்ள போயிருச்சு. அந்தச் சின்ன ஓட்டையில பஞ்சுத் தூசி போனா என்ன ஆகும்? டாக்டரு பாத்துட்டு, "ஒண்ணு மெஷின், இல்லாட்டிப் பூனை"ன்னுட்டாரு.

தேஜஸ்ரீ: மெஷின நிறுத்த முடியாதே...

நித்தீஷ்: முடியாதுங்க. எங்கம்மாகூட முந்தி ஒண்ணா வேலை பாத்தவங்க மயிலாத்தாக்கா. தனியா இருக்கறாங்க, ஊடு சுத்தமா இருக்கும். கொண்டாந்து உட்டேன். தூசி படாம சன்னலெல்லாம் வலை அடிச்சுக் குடுத்தேன். அப்ப இருந்து ஞாயித்துக்கெழமைன்னா வந்து குளிப்பாட்டிச் சீவி உட்டுட்டுப் போவேன்.

தேஜஸ்ரீ: ம்...

நித்தீஷ்: இப்ப மெஷினையெல்லாம் தனி ஷெட்டுக்கு மாத்தியாச்சு. ஆனா அந்தக்கா இனித் தர மாட்டேங்கறாங்க. கேட்டா, "இதில்லாம நான் யார்கிட்டப் பேசறது"ங்கறாங்க. நாயமும் அதுதான். அப்பத்தான் நீங்க "பூனையும் கூடவே வரும்"னு கண்டிசன் போட்டீங்க. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. சிரிக்கறதா, அழுவறதா...

தேஜஸ்ரீ: பேசாம வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல?

நித்தீஷ்: அந்தக்காதான் சொன்னாங்க, "தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத கண்ணு, அந்தப் புள்ள கோவிச்சுக்கும்"னு. ஏனுங்க, கேக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. இத்தனை சொல்றேன், உங்களுக்கு ஆச்சரியமே இல்லியா? கண்ணக் கூட விரிக்கலியே.

தேஜஸ்ரீ: இருக்குதுங்க. உள்ளுக்குள்ள.

நித்தீஷ்: பூனை கெடைக்குமுன்னுதான் தலையாட்டினேன்னு நெனச்சுக்காதீங்க. கோனு அந்தக்காகிட்டயே இருக்கட்டும். நாம வேணா ரெண்டு பேருமா ஞாயித்துக்கெழமை வந்து பாத்துக்கலாம்... அதாவது, உங்களுக்குச் சம்மதமுன்னா.

தேஜஸ்ரீ: "நாம"ன்னு சொல்லிட்டு அப்பறம் சம்மதம் கேக்கறீங்க.

நித்தீஷ்: வாய்ல வந்துருச்சுங்க.

தேஜஸ்ரீ: பரவால்ல, இருக்கட்டும்.

நித்தீஷ்: இன்னொண்ணு இருக்குதுங்க. அதையும் சொல்லிப்புடறேன். அந்த ஷூக்காரரு கதையக் கேட்டப்ப, நான் உங்களப் பாத்ததே இல்ல. இருந்தாலும் ஊட்டுக்குப் போனா அதே நெனப்புத்தான். எனக்காக, எம் பூனைக்காக, யாரோ ஒரு பொண்ணு அத்தனை பேரு முன்னால வேண்டாமுன்னு சொல்லியிருக்குதேன்னு. வெக்கத்த உட்டு அந்தக்காகிட்டக் கேட்டேன், தரகர் மருதாசலத்துகிட்ட என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி உடுங்கன்னு.

தேஜஸ்ரீ: அதுக்கு என்ன சொன்னாங்க?

நித்தீஷ்: உழுந்து உழுந்து சிரிச்சாங்க. "அதெல்லாம் எப்பவோ சொல்லியாச்சு சாமி, நீ போயி நல்ல சட்டையா ஒண்ணு எடு"ன்னாங்க. எனக்கு முன்னாடியே யாரு சொல்லச் சொன்னாங்கன்னு எத்தனை கேட்டும் வாயத் தொறக்கல.

சித்ரகலா: ஏம்மா, பேசி முடிச்சாச்சா இல்லியா? பெரியவங்கெல்லாம் எத்தனை நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கறது? எறங்கி வாங்க!

தேஜஸ்ரீ: வர்றோம்மா! ...எந்திரிங்க. பூனைய எங்கிட்டக் குடுங்க, நீங்க படி பாத்து எறங்குங்க.

நித்தீஷ்: நீங்க பேச்ச மாத்தறீங்க. எனக்கு முன்னாடியே அந்தக்காகிட்டச் சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியும் போலிருக்குதே?

தேஜஸ்ரீ: நான்தானுங்க. போன ஆடியில ஒரு நாள், மயிலாத்தாக்கா ஊட்டு மாடியில உக்காந்து இதுக்குத் தலை சீவிட்டு, "அடுத்த வாரம் வர்றேன், அக்காவ அழ வெக்காத"ன்னு சொல்லிட்டுப் படியெறங்கிப் போனீங்க... போனவரு மறுபடி மேல ஏறி வந்து, சும்மா ஒருக்கா பாத்துட்டுப் போனீங்க. நான் இங்க துணி காயப் போட்டுட்டு நின்னேன். நீங்கதான் பூனையத் தவிர ஒண்ணையும் நிமிந்து பாக்கலியே. அன்னைக்குச் சாயந்தரமே போயி, தரகர்கிட்ட உங்களப் பத்திச் சொல்லி உடுங்கன்னு அந்தக்காகிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு இத வாங்கிட்டு வந்தது உங்களச் சோதிக்கறதுக்கு இல்லீங்க... நீங்க வர்றீங்கன்னதும் காலையில இருந்தே ஒரு எடத்துல உக்கார முடியல, எதையாச்சும் புடிச்சுக்கோணும்னு இருந்துச்சு.